சுழலும் வார்மர் படுக்கையின் மின் இணைப்புகள்: புதிதாகக் கைவைப்பவர்களுக்கு

பச்சிளங்குழந்தையின் வயிற்றில் ஒட்டிய உணரி 36.5 டிகிரி காட்டுகிறது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் வார்மர், அதாவது குழந்தையை மேலிருந்து சூடேற்றும் இயந்திரம், சூட்டைக் கூட்டிக் குறைக்கிறது. அதன் படுக்கையைக் கால் வட்டம் திருப்புகிறோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அறையிலும் எதுவும் மாறவில்லை, ஆனால் திரையில் 36.1. இன்னும் சற்றுத் திருப்பினால் மறுபடியும் 36.5. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் இந்த வேலைக்கு நான் வந்த புதிதில் பார்த்த பழுது இது. கண்டுபிடித்தது நானல்ல, இரவுப் பணியில் இருந்த செவிலியர். "இந்தப் பக்கம் திருப்பி வைத்தால் மட்டும் குழந்தை சிவந்துபோகிறது, சார்" என்றார். நான் அறைக் காற்றைச் சந்தேகித்தேன், உணரியை மாற்றினேன், ஒரு நாள் முழுக்க வீணானது. கடைசியில் படுக்கைக்கு அடியில், சுழலும் இணைப்பின் பொன்முலாம் வளையத்தில், ஒரு மிளகளவுக்குப் பழுப்புக் கறை படிந்திருப்பது தெரிந்தது.

மின் இணைப்பு கெட்டால் இயந்திரம் நின்றுவிடும் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். நின்றுவிட்டால் நல்லது, உடனே தெரிந்துவிடும். இந்த இயந்திரம் நிற்பதில்லை. தவறான எண்ணை நம்பி ஒழுங்காக வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் திரும்பும் இடத்தைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எது சுழல்கிறது, எது நிற்கிறது

மேலே கதிர்வீச்சுச் சூடேற்றி, அதைத் தாங்கும் தூண், கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்வழங்கி ஆகியவை நிலையான பகுதி. மெத்தையும் அதைத் தாங்கும் தட்டும் சுழலும் பகுதி. சுவாசக் குழாய் பொருத்தும் மருத்துவரை நோக்கிக் குழந்தையின் தலையைத் திருப்பவும், தொப்புள் நாளத்தில் குழாய் ஏற்றும்போது இரு பக்கமும் கை எட்டவும், குழந்தையைத் தூக்காமலேயே படுக்கையைத் திருப்பும் வசதி உதவுகிறது. மேலே இருக்கும் சூடேற்றிக்குச் செல்லும் மின்சாரம் பல நூறு வாட் அளவில் இருந்தாலும் அது சுழலும் இடத்தைத் தொடுவதே இல்லை. அந்த வகையில் நமக்குப் பாதி நிம்மதி.

மெத்தைக்கு அடியில் சூடேற்றும் தகடு இருந்தால் அதற்கான மின்சாரம், எடை பார்க்கும் சுமை உணரிகளின் கம்பிகள், தோல் வெப்பநிலை உணரி படுக்கை ஓரத்தில் செருகப்படும் வகையென்றால் அதன் கம்பி, உலோகத் தட்டுக்கான எர்த் ஆகியவைதான் சுழலும் இடத்தைக் கடக்கின்றன. உணரி தூணிலேயே நேரடியாகச் செருகப்படும் வகையில், உணரியின் கேபிளே படுக்கையோடு முறுக்கிக்கொள்ளும். அங்கே கவலை கேபிளின் நீளத்தைப் பற்றியது.

கடக்கும் வழிகள்

எளிய வழி, கேபிளில் தளர்வாக ஒரு வளைவு விட்டு, படுக்கை ஒரு எல்லைக்கு மேல் திரும்பாதபடி தடுப்பு வைப்பது. இதில் பழுதாவதற்கு அதிகம் இல்லை. தடுப்பு உடைந்துபோனதைக் கவனிக்காமல் யாராவது மேலும் திருப்பினால்தான் ஆபத்து.

இரண்டாவது, தட்டையான நாடாக் கேபிளைக் கடிகாரச் சுருள்வில் போலச் சுற்றி ஒரு டப்பாவுக்குள் வைப்பது. காரின் ஸ்டியரிங் சக்கரத்தில் ஹாரன் பட்டனுக்கும் காற்றுப் பைக்கும் மின்சாரம் போவது இப்படித்தான். ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறு பக்கம் திருப்பினால் தளரும். கழற்றி மாட்டும்போது சுருளை நடுநிலையில் வைக்காமல் பொருத்திவிட்டால், ஒரு பக்கம் சுழற்சி முடிவதற்குள் நாடா இழுபட்டுக் கிழியும். மாட்டுவதற்கு முன் சுருளை ஒரு எல்லை வரை மெதுவாகத் திருப்புங்கள், இறுகுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து மறு எல்லை வரை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு, அதில் பாதி திரும்பி வாருங்கள். அந்த நிலையில் இரு பாகங்களின் மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும்.

மூன்றாவது நழுவு வளையம். சுழலும் உலோக வளையத்தின் மேல் பிரஷ் எனப்படும் தொடுமுனை உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்தும். எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம் என்பது இதன் பெருமை. உரசுவதால் தேய்மானமும் சமிக்ஞையில் இரைச்சலும் வரும் என்பது இதன் விலை. நான்காவதாக, படுக்கை குறிப்பிட்ட நிலைகளுக்கு வரும்போது மட்டும் ஸ்பிரிங் பின்கள் தொடுமுனைகளில் அமர்ந்து இணைப்பை ஏற்படுத்தும் அமைப்பும் உண்டு. இடைப்பட்ட நேரத்தில் இணைப்பு இருக்காது என்பதை இயந்திரத்தின் மென்பொருள் அறிந்திருக்க வேண்டும்.

என் விருப்பத்தைக் கேட்டால், முழுச் சுற்று கட்டாயம் தேவைப்படாத இடத்தில் தளர்வளைவும் தடுப்பும் போதும். படுக்கையை நாளெல்லாம் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும் மருத்துவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

கை வைப்பதற்கு முன்

குழந்தை வேறு படுக்கைக்கு மாற்றப்பட்டதை நேரில் பாருங்கள், சொல்லக் கேட்டால் போதாது. மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதன் முனை உங்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். மேலே இருக்கும் சூடேற்றி அணைத்த பிறகும் வெகுநேரம் தொட்டால் கை தாங்காது, அது ஆறட்டும். எச்சரிக்கை ஒலிக்குத் தனி பேட்டரி இருந்தால் மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கும். தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உங்கள் மாதிரிக்கான வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பி நிறங்களை நம்ப வேண்டாம். ஒரு தயாரிப்பாளரின் பச்சை இன்னொருவருக்கு வேறொன்றாக இருக்கும்.

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை: படுக்கையை முழு எல்லைக்கும் திருப்பியபடி காதைக் கொடுத்துக் கேளுங்கள். கேபிள் தகட்டில் உரசும் சத்தம் ஒன்று உண்டு, துணியைக் கதவிடுக்கில் இழுப்பது போல. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு பிறகு திறந்தால் பாதித் தேடல் மிச்சம்.

முதலில் எர்த்

படுக்கையின் உலோகத் தட்டுக்கு எர்த் எப்படிப் போகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பேரிங் வழியாகப் போகும், அதுவும் உலோகம்தானே என்று சொல்பவர்கள் உண்டு. பேரிங்கின் குண்டுகள் கிரீஸ் படலத்தின் மேல் மிதக்கின்றன, கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. நின்ற நிலையில் அளந்தால் அழகான எண் வரும், திருப்பினால் எகிறும். எர்த்துக்குத் தனிப் பின்னல் கம்பியோ, நழுவு வளையத்தில் தனி வளையமோ இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் கனெக்டர் இருந்தால் எர்த் பின் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விடுவதற்காக. தேய்ந்த கனெக்டரை மாற்றும்போது கையில் கிடைத்த சம நீளப் பின் கனெக்டரைப் போட்டுவிடாதீர்கள்.

சாதாரண மல்டிமீட்டரால் இதை அளக்க முடியாது. அதன் கம்பிகளுக்கே 0.1 முதல் 0.3 ஓம் மின்தடை இருக்கும், நாம் தேடும் அளவும் ஏறத்தாழ அதே. மின்பாதுகாப்புச் சோதனைக் கருவியைப் பயன்படுத்துங்கள். பயன்பாட்டில் உள்ள மருத்துவக் கருவிகளின் மறுசோதனைக்கான ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 62353 தரநிலைப்படி, குறைந்தது 200 மில்லிஆம்பியர் செலுத்தி அளக்கும்போது சுவருக்குப் போகும் மின்கம்பியையும் சேர்த்து எர்த் பாதையின் மின்தடை 0.3 ஓமைத் தாண்டக் கூடாது. அளந்துகொண்டே படுக்கையை ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்குத் திருப்புங்கள். எந்த இடத்திலும் எண் துள்ளக் கூடாது.

கசிவு மின்னோட்டத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். தோல் உணரி போன்ற பிஎஃப் வகைப் பாகத்தின் (நோயாளியைத் தொடும், எர்த்திலிருந்து பிரித்துவைத்த பாகம்) வழியே நோயாளிக்குப் போகும் கசிவு, ஐஇசி 60601-1 படி இயல்பு நிலையில் 100 மைக்ரோஆம்பியருக்குள்ளும், ஒரு பழுது ஏற்பட்ட நிலையில் 500 மைக்ரோஆம்பியருக்குள்ளும் இருக்க வேண்டும்.

உணரிக் கம்பி: இங்கேதான் நிதானம் வேண்டும்

தோல் வெப்பநிலை உணரியின் நுனியில் ஒரு தெர்மிஸ்டர், அதாவது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சிறு பாகம், இருக்கிறது. பரவலாகப் புழங்கும் 400 வரிசைத் தெர்மிஸ்டருக்கு 25 டிகிரியில் 2,252 ஓம். 36 டிகிரியில் சுமார் 1,412, 37 டிகிரியில் சுமார் 1,355. அதாவது, உடல் சூட்டின் அருகே ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 57 ஓம். சூடு ஏறினால் மின்தடை இறங்கும்.

இப்போது சுழலும் இணைப்பில் அழுக்கு படிந்து 24 ஓம் கூடுதலாகச் சேர்கிறது என்று வையுங்கள். உணரியின் ஓம் எது, அழுக்கின் ஓம் எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது, மொத்தம்தான் தெரியும். மின்தடை கூடினால் குளிர்ந்துவிட்டது என்று பொருள்கொள்ளும். 24-ஐ 57-ஆல் வகுத்தால் 0.4 டிகிரி. குழந்தை 36.5-இல் இருக்க, திரை 36.1 காட்டும். உடனே சூடேற்றி கூடுதலாக எரியும். திரையில் மறுபடியும் 36.5 வரும்போது குழந்தை 36.9-இல் இருக்கும்.

எச்சரிக்கை ஒலிக்காதா? ஒலிக்காது. வைத்த அளவுக்கும் காட்டும் அளவுக்கும் ஒரு டிகிரி வேறுபட்டால் ஒலிக்க வேண்டும் என்பதுதான் கதிர்வீச்சு வார்மர்களுக்கான விதி. இங்கே காட்டும் அளவை வைத்த அளவோடு சேர்த்துவிடுவதே இயந்திரத்தின் வேலை. அழுக்கு மெல்ல மெல்லச் சேர்ந்தால் இரண்டும் கடைசிவரை ஒட்டியே நிற்கும். 24 ஓமுக்குப் பதில் 60 ஓம் ஆனாலும் திரை 36.5 என்றே சொல்லும், குழந்தை 37.5-ஐத் தொட்டிருக்கும். பிறந்த குழந்தைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் இயல்பு எல்லை 36.5 முதல் 37.5 வரைதான்.

கம்பி முழுவதும் அறுந்தால் இயந்திரம் அதைக் கடுங்குளிர் என்று கணக்கிடாமல் உணரிப் பழுது என்று கண்டு சூடேற்றியை அணைக்க வேண்டும். குறுக்குச் சுற்று ஆனாலும் அப்படியே. இவை இரண்டையும் நீங்களே சோதியுங்கள்: உணரியைப் பிடுங்குங்கள், ஒலிக்கிறதா, சூடு அணைகிறதா பாருங்கள். சில இயந்திரங்களில் ஒரே உணரிக்குள் இரண்டு தெர்மிஸ்டர்கள் இருக்கும். இரண்டும் வெவ்வேறு எண் சொன்னால் இயந்திரம் சந்தேகப்படும். அந்த இரண்டையும் சுழலும் இணைப்பில் ஒரே பொதுக் கம்பியில் சேர்த்துவிட்டிருந்தால், பொதுக் கம்பியில் படியும் அழுக்கு இரண்டையும் சேர்த்து ஏமாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோதனை எளிது. உணரியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் 1,355 ஓம் துல்லிய மின்தடையைச் செருகுங்கள். திரை 37.0 காட்ட வேண்டும். இப்போது படுக்கையை மெதுவாக, முழு எல்லைக்கும், இரு திசையிலும் திருப்புங்கள். 0.1 டிகிரிக்கு மேல் ஆடினால் அந்தக் கோணத்தில் ஏதோ இருக்கிறது. ஒரு தடவை திருப்பிவிட்டு முடிந்தது என்று எழுதாதீர்கள், பத்துத் தடவையாவது திருப்புங்கள். நான் சொன்ன அந்தப் பழுது முதல் மூன்று சுற்றில் தலைகாட்டவே இல்லை.

சூட்டுத் தகட்டுக் கம்பி

இங்கே கணக்கு வேறு. 24 வோல்ட், 60 வாட் தகடு என்றால் 2.5 ஆம்பியர் ஓடும். தொடுமுனையில் 0.2 ஓம் மின்தடை ஏறினால் 2.5-இன் வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்குங்கள்: 1.25 வாட். மெத்தைக்கு அது ஒன்றுமில்லை, ஊசிமுனை அளவு இடத்துக்கு அது அடுப்பு. கனெக்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் காரணம் இதுதான். அந்தப் பின்னை மட்டும் மாற்றாமல் எதிர்ப்பக்கச் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். சூடு பட்டுத் தளர்ந்த சாக்கெட் புதுப் பின்னையும் சில மாதங்களில் எரித்துவிடும்.

ஆக்சிஜன் கொடுக்கப்படும் குழந்தையின் அருகே காற்றில் ஆக்சிஜனின் பங்கு கூடியிருக்கலாம், 25 விழுக்காட்டைத் தாண்டினாலே ஆக்சிஜன் மிகுந்த சூழல் என்று தரநிலை கணக்கிடுகிறது. தீப்பொறிக்கு அது கொண்டாட்டம். சூட்டுத் தகட்டு மின்சாரம் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்குவதும், மூடி இல்லாத நழுவு வளையத்தை அப்படியே ஓடவிடுவதும் இங்கே கூடாது.

எடைக் கம்பி

சுமை உணரிக்குள் நான்கு மின்தடைகள், சுமைக்கேற்பச் சிறு மின்னழுத்தம் தரும் வீட்ஸ்டன் பாலமாக இணைந்திருக்கும். 5 வோல்ட் கொடுத்தால், ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் உணரி முழுச் சுமையில் 10 மில்லிவோல்ட் தரும். முழுச் சுமை 10 கிலோ என்றால் ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட். இவ்வளவு சிறிய சமிக்ஞையை உரசும் பிரஷ் வழியே அனுப்புவது சந்தைக்கடை நடுவே காதில் ரகசியம் சொல்வது போல. அதனால் நல்ல வடிவமைப்பில் படுக்கைப் பக்கத்திலேயே அதை எண்களாக மாற்றி, எண்களை மட்டும் கடத்துவார்கள். அப்படி இல்லாத இயந்திரத்தில் ஆறு கம்பி அமைப்பு இருக்கும். கூடுதல் இரண்டு கம்பிகள், உணரிக்கு உண்மையில் எத்தனை வோல்ட் போய்ச் சேர்கிறது என்பதைத் திரும்பச் சொல்லும். பழுது பார்க்கிறேன் என்று அந்த இரண்டையும் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

மின்சாரத்தோடு தொடர்பில்லாத ஒரு பிழையும் உண்டு: விறைப்பான கேபிள் தட்டைத் தாங்கிப் பிடித்தால் எடை குறையும், கீழே இழுத்தால் கூடும். ஒரு கிலோ குழந்தைக்கு 20 கிராம் பெரிய வித்தியாசம். ஒரு கிலோ எடைக்கல்லை நடுவில் வைத்து நான்கு திசைகளிலும் படித்துப் பாருங்கள். திசைக்குத் திசை எண் மாறினால், மின்பலகையைத் தொடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

கம்பியை முடிக்கும் முறை

அசையும் இடத்தில் பற்றாசு வைக்காதீர்கள். உருகிய பற்றாசு இழைகளுக்கிடையே ஏறி, கம்பியின் ஒரு பகுதியை விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடியும் ஓரத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். உரிய கருவியால் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோக முனையைக் கம்பியின் மேல் இறுக அழுத்திப் பொருத்துங்கள். வாய்க் குறட்டால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. கம்பி மெல்லிய இழைகள் நிறைந்த நெகிழ்வு வகையாக இருக்க வேண்டும். வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தின் பத்து மடங்கு இருந்தால் கேபிள் நெடுநாள் உழைக்கும். இரு முனைகளிலும் இழுவிசை தாங்கும் பிடி போடுங்கள். அசைவு முழுவதும் நடு வளைவில் நிகழட்டும், முனையில் எதுவும் அசையக் கூடாது.

பொன்முலாம் பின்னோடு வெள்ளீய முலாம் சாக்கெட்டைச் சேர்க்க வேண்டாம். படுக்கை அசையும்போதெல்லாம் நுண்ணிய உரசலில் வெள்ளீயம் ஆக்சைடாகிப் பொன்னின் மேல் படியும். நாம் முன்பு கணக்கிட்ட அந்த 24 ஓம் இப்படியும் வரும்.

நழுவு வளையத்தைத் துடைக்க, இழை உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும். உப்புத்தாள் படவே கூடாது, பொன்முலாம் போய்விடும், அதன் பிறகு கறை ஒவ்வொரு மாதமும் வரும். எண்ணெய் கலந்த தெளிப்பான்களும் வேண்டாம்.

அந்தப் பழுப்புக் கறை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மெத்தையைக் கிருமிநாசினியால் துடைக்கும் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. திரவம் தட்டின் ஓரத்தில் வழிந்து, கேபிளைப் பிடித்துக்கொண்டே இறங்கி, நேரே இணைப்புப் பெட்டிக்குள் போயிருக்கிறது. கேபிள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு முறை தொங்கி, பிறகு மேலேறி நுழையும்படி திருப்பிக் கட்டினேன். இப்போது சொட்டு அந்தத் தொங்கலில் நின்று தரையில் விழுகிறது. மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றினேன்.

திருப்பிக் கொடுக்கும்போது

பெட்டியை மூடிய பிறகு எல்லாச் சோதனைகளையும் மறுபடியும் செய்ய வேண்டும். மூடும்போது நசுங்கும் கம்பிகள் ஏராளம். 1,355 ஓம் வைத்துத் திருப்பிய சோதனையில் திரை காட்டிய மிகக் குறைந்த, மிக அதிக எண்களைக் கோணத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள். "சரியாக உள்ளது" என்று மட்டும் எழுதினால் அடுத்த முறை ஒப்பிட எதுவும் இருக்காது. பிறகு பணியில் இருக்கும் செவிலியரை அழைத்து, அவர்கள் கையாலேயே படுக்கையை இரு பக்கமும் ஒரு முறை திருப்பச் சொல்லுங்கள். அவர்கள் திருப்பும் வேகமும் அழுத்தமும் நம்முடையது போல இருக்காது. அன்று அந்தச் செவிலியர் ஒரே மூச்சில் கடைசித் தடுப்பு வரை திருப்பி, திரையைப் பார்த்தார், 37.0. இன்னொரு முறை வேகமாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் கையெழுத்திட்டார்.